தூங்கப் போட்ட செய்தி

அத்தியாயம் ஐந்து

“அந்தப் பொண்ணைத் தவிர வேற யாருமே இல்ல மேடம். ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்றார் எடிட்டர்.

அந்தப் பொண்ணு அதே அறையில்தான் கதவோரம் நின்றிருந்தாள். நிருபர். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். கையில் போன். காலையிலிருந்து ஒரே ஒரு அழைப்புக்காக அதை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், அது வந்தபாடில்லை.

எடிட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி வாயே திறக்கவில்லை. அண்ணி வாய் திறக்காத நேரங்களில் பேசுவதற்கென்றே ஒருவன் கூட வந்திருந்தான். அவளுடைய கொழுந்தன். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தானை மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள் என்பது அண்ணியின் நெடுநாள் புகார். அண்ணி முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். தானாக எரிந்த கடை எது, வேண்டுமென்றே எரித்த கடை எது என்று பிரித்துச் சொல்வதுதான் அங்கே அவள் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு ரேடியோ.

“கையெழுத்துக்கென்ன சார், போட்டுடலாம்” என்றான் ரேடியோ. “எங்க அண்ணி கையெழுத்து மட்டும்தான் சுலபமாப் போடுவாங்க. அதுக்கு முன்னாடி கதையை இன்னொரு தடவை சொல்லுங்க. மொதத் தடவை சொன்னப்ப நான் உங்க ஏசியை ரசிச்சுட்டு இருந்துட்டேன்.”

எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கண்ணுக்குச் சொட்டு மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனி, கெட்டுப்போன சரக்கைத் தெரிந்தே கடைகளுக்கு அனுப்பியது. சிலருக்குப் பார்வை போனது. அந்தக் கம்பெனியின் லேபில் மருந்தைப் பரிசோதிக்கும் ஒருவர் விஷயத்தை இந்த நிருபரிடம் சொன்னார். இவள் எழுதினாள். செய்தி இன்னும் இவர்களுடைய தளத்தில் வெளிவரவே இல்லை. ஆனால் நேற்றுக் காலை லேப்காரரின் மனைவிக்கு ஒரு போன் வந்தது. உன் புருஷன் பேர் தெரியும், சைக்கிள் கடை மாடி வீடு தெரியும், விசாரணைக் குழுவில் அவர் வாயைத் திறந்தால் அப்புறம் நீ தேட வேண்டியிருக்கும் என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

விசாரணைக் குழு இன்று நான்கு மணிக்கு. லேப்காரர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். இல்லையென்றால் கோப்பை மூடிக் கட்டி வைத்துவிடுவார்கள். அவரோ நேற்றே வீட்டை விட்டுப் போய்விட்டார். போனையும் அணைத்துவிட்டார். போகும்போது மனைவியிடம் சொன்னது ஒன்றுதான். தன் பேரை விற்றது அந்த நிருபர் என்றால் குழுவாவது ஒன்றாவது, ஊரை விட்டே போய்விடுவேன் என்றாராம்.

“அவரோட பேரு எங்க சிஸ்டத்துக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு” என்றார் எடிட்டர். “பார்க்கக்கூடியவங்க மூணே பேர். இவ, நான், எங்க வக்கீல். வக்கீலுக்குச் செய்தி போகவே இல்ல. நான் அதைத் திறக்கவே இல்ல. கடைசியா சேவ் பண்ணினது யாருன்னு நீங்களே பாருங்க.”

கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நிருபரின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே ஸ்டேட்டஸ் என்று ஒரு சின்னக் கட்டம். “ஒவ்வொரு செய்தியும் இப்ப எந்த நிலையில இருக்குன்னு இது சொல்லும். யார் கைல இருக்குன்னு தெரிஞ்சுடும். ஒளிவு மறைவே கிடையாது” என்று அதைத் தட்டினார். ஒரு மெனு மளமளவென்று கீழே விழுந்து, செய்தியில் இருந்த படத்தை மறைத்தது. கண்ணில் கட்டுப் போட்ட ஒரு தாத்தாவின் படம். மூக்கு வரைக்கும் மறைந்துபோனார்.

“ஹோட்டல்ல கூட இவ்வளவு நீள மெனு பார்த்ததில்ல சார்” என்றான் ரேடியோ.

எடிட்டர் சட்டென்று மெனுவை மூடினார். “மூணு மணிக்குள்ள எனக்கு உங்க முடிவு வேணும். முதலாளி வெளியாள் வச்சு விசாரிக்கச் சொன்னதாலதான் உங்களைக் கூப்பிட்டேன். இல்லன்னா காலைலயே இவளை அனுப்பியிருப்பேன்.”

அண்ணி எழுந்தாள். முதல்முறையாக வாய் திறந்தாள். “உன் சீட்டைக் காட்டும்மா” என்றாள் நிருபரிடம்.

நிருபரின் மேஜை ஜன்னலோரம் இருந்தது. கீழே தெரு, எதிரே ஒரு டீக்கடை. நாற்காலி கிடைக்காததால் ரேடியோ ஜன்னல் கட்டையில் தொற்றிக்கொண்டான். அண்ணி ஒரு நிமிஷம் டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டீ ஆசை வந்துவிட்டது என்று ரேடியோ நினைத்துக்கொண்டான். அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது.

“சாஃப்ட்வேரோட வந்தது ரெண்டு மூணு ஸ்டேட்டஸ்தான் மேடம்” என்றாள் நிருபர். குரல் கரகரத்தது. “மிச்சமெல்லாம் நாங்களா சேர்த்துக்கிட்டது. எழுதிட்டு இருக்கறப்ப ‘எழுதுவது’ன்னு இருக்கும். முடிச்சதும் ‘ஆசிரியர் பார்வை’க்கு மாத்துவேன். அவர் சரின்னா ‘வக்கீல் பார்வை’. படம் பாக்கி இருந்தா ‘படம் தேவை’. எல்லாம் முடிஞ்சா ‘வெளியீடு’. அதை அவர்தான் மாத்த முடியும்.”

“செய்தில அந்த ஆளோட பேரையும் விலாசத்தையும் எதுக்கும்மா எழுதினே?”

“அது செய்தி இல்ல மேடம், மேல்குறிப்பு. இங்க வழக்கம் அப்படி. யார் சொன்னாங்க, அவங்க எங்க இருக்காங்கன்னு செய்திக்குத் தலைல எழுதிடணும். வக்கீல் அதைப் பார்த்துட்டு, தேவைப்பட்டா அவங்ககிட்டப் பேசுவார். வெளியிடறதுக்கு முன்னாடி அதை அழிச்சுடுவோம். மாமா வீடு மாறினது ஞாபகமில்லாம பழைய சைக்கிள் கடை மாடி விலாசத்தையே எழுதிட்டேன். மறுநாள் காலைலதான்...”

“மாமாவா?” என்றாள் அண்ணி.

நிருபர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்கள் மறுபடியும் நிறைந்தன.

“என் அக்கா வீட்டுக்காரர்” என்றாள். “ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. சொந்தக்காரங்க சொல்றதைச் செய்தியாப் போடக்கூடாதும்பாங்கன்னு சொல்லல. அக்கா நேத்துலேருந்து எங்கிட்டப் பேசறதில்ல மேடம். என் பொழப்பு போனாப் போகட்டும். என் அக்கா என்னைப் பார்த்து ‘என் புருஷனை எவ்வளவுக்குடி வித்தே’ன்னு கேட்டுட்டா.”

யாராவது அழுதால் ரேடியோ செய்வது வழக்கம்போலப் பேச்சை மாற்றுவதுதான். திரையைக் காட்டச் சொன்னான். ஸ்டேட்டஸ் கட்டத்தைத் தட்டச் சொன்னான். மெனு விழுந்தது.

“அண்ணி, இங்க தாத்தா நல்லா சௌக்கியமா இருக்கார்! முழு முகமும் தெரியுது. அங்க எடிட்டர் ரூம்ல பாவம், மூக்கு வரைக்கும் மூடிட்டுது.”

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. அது வருஷத்துக்கு இரண்டு தடவை கிடைக்கிற வேறு பார்வை. அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

“விலாசத்தைத் திருத்தினியே, எப்போ?” என்று அவள் நிருபரைக் கேட்டாள்.

“முந்தாநாள் காலைல. அதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுக்குப் போறப்ப எடிட்டர் பார்வைக்கு அனுப்பிட்டுப் போனேன். காலைல வந்து திறந்தா ‘எழுதுவது’ன்னு இருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டார் போலன்னு நினைச்சேன். விலாசத்தைத் திருத்தி, சேவ் பண்ணி, மறுபடி அவருக்கே அனுப்பினேன்.”

“போன் பண்ணின ஆளுக்குத் தெரிஞ்சது பழைய வீடு. அப்போ அவன் பார்த்தது நீ திருத்தறதுக்கு முன்னாடி. ஒரே ஒரு ராத்திரி” என்றாள் அண்ணி. “இன்னொண்ணும் இருக்கு. நீ வித்திருந்தா புது வீட்டைத்தான் வித்திருப்பே. சொந்த அக்கா எங்க குடியிருக்கான்னு தெரியாதவளா நீ?”

நிருபர் அவளையே பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் பக்கம் சாய்ந்து யாராவது பேசிய முதல் வார்த்தை அதுதான் போலிருக்கிறது. ஆனால் எடிட்டரிடம் இதைச் சொன்னால், வேண்டுமென்றே பழைய விலாசத்தைக் கொடுத்தாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

புரோகிராமர் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொந்தில் இருந்தான். மூன்று திரை, ஒரு மின்விசிறி. அவர்களைப் பார்த்ததும் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான்.

“எடிட்டரோட மெனுவுல நிருபர் மெனுவைவிட எத்தனை வரி அதிகம் தம்பி?” என்றாள் அண்ணி.

“ஒண்ணு மேடம். ‘வெளியீடு’. அவர் மட்டும்தான் வெளியிடலாம்.”

“ஒரு வரிக்குத் தாத்தாவோட நெத்திதான் மறையும்” என்றான் ரேடியோ. “மூக்கு வரைக்கும் மூடணும்னா இன்னொரு வரி வேணும். எங்களுக்குப் படிப்பு கம்மி, ஆனா தாத்தாவை அளக்கத் தெரியும்.”

புரோகிராமர் முகத்தில் ஈயாடவில்லை. வாசலை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“‘தூங்கட்டும்’னு ஒண்ணு இருக்கு மேடம். சமீபத்துலதான் சேர்த்தேன். போட விருப்பமில்லாத செய்தியை எடிட்டர் நிராகரிச்சா நிருபர்ங்க சண்டைக்கு வர்றாங்களாம். அதனால சத்தமில்லாம ஓரமா வைக்க ஒரு ஸ்டேட்டஸ் வேணும்னார். அவர் மெனுவுல மட்டும் வரணும்னார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார்.”

“அவர் தூங்கப் போட்ட செய்தியை நிருபர் திறந்தா, அவ மெனுவுல என்ன காட்டும்?”

“அவங்க மெனுவுலதான் அந்த வரியே இல்லையே. அதனால முதல் வரியைக் காட்டும். ‘எழுதுவது’ன்னு.”

“அவ சேவ் பண்ணினா?”

“நிஜமாவே ‘எழுதுவது’ன்னு மாறிடும்.” சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. “எடிட்டர் சேவ் பண்ணின சுவடும் போயிடும். இந்த சிஸ்டம் கடைசி ஆளை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கும்.”

அண்ணி அவனுடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எரிந்த கடைக்குள் நுழையும்போதும் இப்படித்தான் நிதானமாக ஒரு இடம் பார்த்து உட்காருவாள் என்று அண்ணன் சொல்லி ரேடியோ கேட்டிருக்கிறான்.

“தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வீடு தெரியும். நீ புதுசா ஒரு அறை கட்டியிருக்கே. எந்த அறையைப் பார்த்துக் கட்டினே?”

அவன் தலையைச் சொறிந்தான்.

“‘வெளியீடு’ எப்படி எழுதியிருந்துச்சோ அதை அப்படியே காப்பி எடுத்து, பேரை மட்டும் மாத்தினேன் மேடம். அவர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார், சீக்கிரம் சீக்கிரம்னு. வெளியாளுக்குக் காட்டலாமா கூடாதான்னு அதுல ஒரு வரி இருக்கும். அதை மாத்தினேனான்னு...” நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “ஆனா முகப்புப் பக்கத்துல வராது. முகப்புல எந்தச் செய்தி வரணும்னு எடிட்டர் ஒவ்வொண்ணாப் பொறுக்கி வைக்கறார். அதனால யார் கண்ணுலயும் பட்டிருக்காது.”

“முகப்புல வராது. தேடினா?”

அவன் திரைப்பக்கம் திரும்பினான். அண்ணி தடுத்தாள். “நீ வீட்டுக்குள்ள இருக்கறவன். உனக்கு எல்லா அறையும் திறந்துதான் இருக்கும். தெருவுல நிக்கறவனுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குப் பார்க்கணும். ரேடியோ, உன் போன்?”

“காலைலயே உயிரை விட்டுடுச்சு அண்ணி. வர்ற வழியில ரெண்டு நகைச்சுவைக் காட்சி பார்த்தேன்.”

அண்ணியிடம் இருந்தது பட்டன் போன். பேசுவதற்கும், தேவைப்பட்டால் ரேடியோவின் தலையில் எறிவதற்கும் மட்டுமே பயன்படுவது.

டீக்கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரரையும் சேர்த்தால் மூன்று பேர். ரேடியோ கடைக்காரரிடம் போன் கேட்கப் போனான். அண்ணி அவரைத் தாண்டி, மூலை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றாள். தலையில் ஹெல்மெட், முன்னால் ஆறிப்போய் ஆடை கட்டிய டீ.

“டீ குடிக்கறப்பவும் ஹெல்மெட்டா சார்?” என்று ரேடியோ பின்னாலேயே வந்தான். “இந்தக் கடை டீ அவ்வளவு ஆபத்துன்னா முன்னாடியே சொல்லிடுங்க, நானும் ஒரு டீ சொல்லிட்டேன்.”

அந்த மனிதர் சிரிக்கவில்லை.

“அவசரமா ஒரு விஷயம் தேடணும். ஒரு நிமிஷம் உங்க போனைக் குடுக்க முடியுமா?” என்றாள் அண்ணி.

அவர் அவளைப் பார்த்தார். எதிரே ஆபீஸ் வாசலைப் பார்த்தார். தயங்கி, அணைத்து வைத்திருந்த போனை எடுத்து உயிர்ப்பித்துக் கொடுத்தார். விரல் நுனிகளிலும் நகக்கண்களிலும் கழுவினாலும் போகாத கறுப்புக் கறை. பெயிண்ட் அடிப்பவர் போல என்று ரேடியோ நினைத்தான்.

அண்ணி போனை ரேடியோவிடம் கொடுத்து, செய்தித் தளத்தின் தேடும் கட்டத்தில் லேப்காரரின் பெயரை அடிக்கச் சொன்னாள். அவன் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தான். அந்த மனிதரின் டீ கிளாஸ் சரிந்து மேஜையெல்லாம் வழிந்தது. “பார்த்து சார், பார்த்து” என்று ரேடியோ ஒரு கையால் துணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

எதுவும் இல்லை. நீங்கள் தேடியது கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

“போச்சு அண்ணி. கதவு மூடித்தான் இருக்கு. அந்தப் பையன் சரியாத்தான் கட்டியிருக்கான். நாம தாத்தாவோட மூக்கை நம்பி ஏமாந்துட்டோம்.”

“மூடியிருக்கு. எப்ப மூடினது?” என்றாள் அண்ணி. “அந்தப் பொண்ணு முந்தாநாள் விலாசத்தைத் திருத்தி சேவ் பண்ணினப்ப, தன்னை அறியாமலே அவளே செய்தியை எழுப்பி வெளியே இழுத்துட்டா. அது இப்ப அந்த அறையில இல்ல. அங்க இன்னும் தூங்கிட்டு இருக்கற வேற ஒண்ணு வேணும்.” பட்டன் போனில் நிருபரைக் கூப்பிட்டாள். “உன்னோட செய்தி வேற ஏதாவது எடிட்டர் கிட்டப் போய்க் காணாமப் போயிருக்கா? நினைச்சுச் சொல்லு... ஆம்புலன்ஸா? சரி.”

ரேடியோ ‘ஆம்புலன்ஸ்’ என்று அடித்தான்.

வந்தது. எந்தத் தாமதமும் இல்லாமல், சமர்த்தாக, தலைப்போடு வந்தது. நோயாளியை ஏற்றாமல் ஆஸ்பத்திரி முதலாளி வீட்டுச் சாமான் ஏற்றப்போன ஆம்புலன்ஸின் கதை. அதற்கு மேலே, செய்தியின் தலையில், மேல்குறிப்பு. சொன்னது யார், அந்த டிரைவரின் பெயர், அவர் குடியிருக்கும் தெரு, எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், எல்லாம்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு வார்த்தையை அடித்து இதைப் படிக்கலாம். எங்கேயோ இருக்கிற அந்த டிரைவர் ஒன்றும் அறியாமல் இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இது இன்னும் வேறு யாருடைய கண்ணிலும் பட்டிருக்கக் கூடாது என்று அவன் மனசாரக் கும்பிட்டுக்கொண்டான்.

அண்ணி புரோகிராமரைக் கூப்பிட்டாள். “தூங்கற எல்லாத்தையும் இந்த நிமிஷமே எழுப்பி ‘எழுதுவது’க்கு மாத்து. ஒண்ணு விடாம. மாத்திட்டு எடிட்டர் ரூமுக்கு வா.” வைத்தாள். “ரேடியோ, கடைக்காரர்கிட்ட சார்ஜர் கேளு.”

அவன் சார்ஜர் கேட்டு, அதன் முனை பொருந்தாமல், கடைக்காரரோடு அதைப் பற்றி ஒரு தர்க்கம் நடத்திவிட்டுத் திரும்பியபோது, அண்ணி குனிந்து அந்த ஹெல்மெட் மனிதரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையசைத்தார். அண்ணி தன் போனில் ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டாள்.

“முன்பின் தெரியாதவர் நம்பரெல்லாம் எதுக்கு அண்ணி? அண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“வாயை மூடிட்டு வா.”

எடிட்டர் அறைக்குள் நுழைந்தபோது மூன்று மணி. அவர் வேலை நீக்கக் கடிதத்தை அடித்தே வைத்திருந்தார். நிருபர் அதே கதவோரம். புரோகிராமர் அவளுக்குப் பின்னால், முடிந்தால் சுவருக்குள்ளேயே போய்விடத் தயாராக. அண்ணி பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, ஏதோ அமுக்கி, மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சார், நீங்க இந்தச் செய்தியைத் திறக்கவே இல்லன்னு சொன்னீங்க.”

“ஆமாம்.”

“‘தூங்கட்டும்’னு ஒரு ஸ்டேட்டஸ் இருக்காமே?”

எடிட்டரின் பார்வை புரோகிராமர் மேல் பாய்ந்தது. “அது நிர்வாக விஷயம். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இந்தப் பொண்ணு ராத்திரி உங்களுக்கு அனுப்பினா. காலைல திறந்தப்ப ‘எழுதுவது’ன்னு காட்டிச்சு. நீங்க திருப்பி அனுப்பினீங்களா?”

“இல்ல. அதான் திறக்கவே இல்லங்கறேனே.”

“திருப்பி அனுப்பல, திறக்கல. அப்போ ‘ஆசிரியர் பார்வை’ன்னுதானே இருந்திருக்கணும்? அவ மெனுவுல இல்லாத ஒரு நிலையில செய்தி இருந்தா மட்டும்தான் அவளுக்கு அது ‘எழுதுவது’ன்னு காட்டும். அவ மெனுவுல இல்லாதது ரெண்டு. ‘வெளியீடு’, ‘தூங்கட்டும்’. வெளியீடுன்னா ஊருக்கே முகப்புல தெரிஞ்சிருக்கும். மிச்சம் ஒண்ணு. அது இந்தக் கட்டடத்துல உங்க ஒருத்தர் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வரும்.”

ரேடியோ கூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

“சரி, தூங்கப் போட்டேன்” என்று எடிட்டர் மென்று முழுங்கினார். “அது என் உரிமை. ஓரமா வச்சேன், அவ்வளவுதான். அதனால பேரு எப்படி வெளியே போகும்? யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே அங்க வச்சேன்!”

அண்ணி புரோகிராமரைப் பார்த்தாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான். குரல் நடுங்கினாலும் சொல்லிவிட்டான். “தப்பு என்னுது சார். வெளியீட்டைக் காப்பி எடுத்தேன். பேரு மட்டும்தான் ‘தூங்கட்டும்’. உள்ளுக்குள்ள அது வெளியீடேதான். முகப்புல வராதே தவிர, தேடினா வெளியாளுக்கும் வரும். மேல்குறிப்போட.”

“கம்பெனிக்காரன் தன் கம்பெனி பேரை உங்க தளத்துல தினம் தேடிட்டு இருந்திருப்பான்” என்றாள் அண்ணி. “செய்தி வருதா வருதான்னு. அன்னிக்கு ராத்திரி வந்துச்சு. காலைல இந்தப் பொண்ணு சேவ் பண்ணினதும் மறைஞ்சுடுச்சு. அதுக்குள்ள அவனுக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு. பழைய விலாசத்தோட. நீங்க புதைக்கறதா நினைச்சுட்டு அச்சடிச்சுக் கையில குடுத்திருக்கீங்க சார்.”

எடிட்டர் நாற்காலியில் சரிந்தார். கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த ஒரு புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் உடையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு சாயங்காலம் அந்தக் கம்பெனியிலேருந்து ஒரு ஆள் வந்தான்” என்றார். குரலில் பழைய அதிகாரம் துளியும் இல்லை. “செய்தி பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்க பொண்ணு நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தனியாத்தான் வீட்டுக்கு வர்றா போலன்னான். எழுந்து போயிட்டான். நான் யாரையும் விக்கல மேடம். பயந்துட்டேன். கொஞ்ச நாள் தூங்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். பேரு வெளியே போனதும் இவதான் வித்திருப்பான்னு நிஜமாவே நம்பிட்டேன். நான்தான் தூங்கப் போட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு.” நிருபரைப் பார்த்தார். “மன்னிச்சுடும்மா.”

அவள் மன்னித்ததாகத் தெரியவில்லை. “என்னை விடுங்க சார். இப்ப இதை மாமாகிட்ட யாரு சொல்றது? அவர் எங்க இருக்கார்னே தெரியல. நான் சொன்னா நம்புவாரா?” என்று வெடித்தாள். சுவர்க் கடிகாரம் மூன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மேஜை மேல் இருந்த பட்டன் போன் இருமியது.

எடிட்டர் துள்ளி எழுந்தார். ரேடியோ அதைவிட உயரமாகத் துள்ளினான்.

“சொல்ல வேண்டியதில்ல. இந்த அறைக்குள்ள வந்ததுலேருந்து லைன் திறந்துதான் இருக்கு” என்றாள் அண்ணி. கதவைப் பார்த்தாள். “உள்ள வாங்க.”

கதவு திறந்தது. டீக்கடை ஹெல்மெட் நின்றது. காதோரம் அதற்குள் செருகிய போன். ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது.

“மாமா!”

“பெயிண்டர்னு நினைச்சேனே!” என்று ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். “உங்க போன்லயே உங்க பேரை எழுத்துக்கூட்டித் தேடியிருக்கேனா நான்?”

“மருந்து சோதிக்கறவங்க விரல்ல அந்தக் கறை இருக்கும்” என்றாள் அண்ணி. “மாடி ஜன்னல்லேருந்து பார்த்தப்பவே ஒரு ஆள் டீயைத் தொடாம இந்த வாசலையே பார்த்துட்டிருந்தார். கம்பெனி ஆளா, இவரான்னு எனக்குச் சந்தேகம். நீ பேரைச் சொல்லி அடிச்சப்ப டீ கொட்டுச்சே, அப்பத் தெரிஞ்சுது.”

லேப்காரர் யாரையும் பார்க்கவில்லை. நிருபரிடம் போய் நின்றார்.

“யாரைப் பார்க்க வர்றே, யார் உன்னைப் பார்க்க வர்றாங்கன்னு காலைலேருந்து பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன் பாப்பா” என்றார். “உன்னைச் சந்தேகப்பட்டு. நான் தூக்கி வளர்த்த பொண்ணை, ஒரு ஹெல்மெட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வேவு பார்த்திருக்கேன்.” அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை முகம் கழுவப் போகிற அவசரம் இல்லாமல் அழுதாள்.

எடிட்டர் தானாகவே கம்ப்யூட்டரைத் திறந்தார். வேலை நீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வீட்டுக்கும் வக்கீலுக்கும் போன் பேசினார். “என் பொண்ணை அவங்க அம்மா போய்க் கூட்டிட்டு வந்துடுவா. வக்கீல் இப்பவே லைன்ல படிச்சுடறேங்கறார்” என்றார். “செய்தி இன்னிக்கே போகுது. மேல்குறிப்பை அழிச்சுடும்மா. அவர் பேரு ஒரு இடத்துலயும் இருக்கக் கூடாது.”

நிருபர் உட்கார்ந்து, மேல்குறிப்பைத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

“அழிக்காதே” என்றார் லேப்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“விலாசத்தை எடுத்துடு. பேரு இருக்கட்டும். அதை வெட்டிக் கீழ போடு. செய்தியோட முதல் வரில.” ஹெல்மெட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். “ஏற்கெனவே ஒரு தடவை என்னைக் கேட்காம வெளியே வந்துடுச்சு. இந்தத் தடவை நானே சொல்லி வரட்டும். இந்தா, இதை நீ போட்டுக்க. வண்டியை நீதான் ஓட்டணும், எனக்குக் கை நடுங்குது. குழு நாலு மணிக்கு உட்கார்ந்துடும். கிளம்பறதுக்கு முன்னாடி உங்க அக்காவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு, உன் புருஷன் என்கூடத்தான் இருக்கார்னு.”

அவள் பெயரை வெட்டினாள். முதல் வரியில் ஒட்டினாள். எடிட்டர் மெனுவைத் தட்டினார். அது மளமளவென்று விழுந்து தாத்தாவின் மூக்கை மறைத்தது. அவர் விரல் ‘தூங்கட்டும்’ என்ற வரியைக் கடந்து, அடுத்த வரியில் போய் நின்று, அமுக்கியது.

மெனு மூடிக்கொண்டது. கண்ணில் கட்டுப் போட்ட தாத்தா முழுசாகத் தெரிந்தார்.